'அப்படிப்பட்டவள்' யார்?

'பெண்ணுரிமை' என்ற சொல் காதில் விழுந்ததும் எம் வீட்டுப் பெண்களிற் பலரே ஒதுங்கிக் கொள்வதைக் கண்டிருப்பீர்கள். "நான் அப்படிப்பட்டவள் அல்ல" என்பார்கள். சொல்பவரோ படித்தவர், உழைப்பவர், வாக்களிப்பவர். இலங்கைப் பெண்களுக்கு 1931ஆம் ஆண்டில் கிடைத்த வாக்குரிமை, கேளாமல் வந்த கொடையன்று. 1927இல் பெண்கள் சங்கம் அமைத்து, டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்று கேட்டதனாற் கிடைத்தது. கனியை உண்பவள் மரத்தின் பெயரைச் சொல்ல ஏன் கூசுகின்றாள்?

'அப்படிப்பட்டவள்' என்றால் எப்படிப்பட்டவள்? அவளது உருவத்தை எம் மனத்தில் வரைந்ததில், நாம் வெறும் பொழுதுபோக்கென எண்ணும் தமிழகத் திரைப்படங்களுக்குப் பெரும் பங்குண்டு. 'பட்டிக்காடா பட்டணமா' (1972) படத்தில் மேல்நாட்டு நாகரிகம் பழகிய மனைவி, கிராமத்துக் கணவனுக்குப் பணிந்து திருந்துகின்றாள். 'மன்னன்' (1992) படத்தில் தொழில் நிறுவனத்தை நடத்தும் பெண், இறுதியில் வீட்டோடு அமைகின்றாள். 'படையப்பா' (1999) படத்தில் நாயகனை அடைய நினைத்த நீலாம்பரி தன்னையே மாய்த்துக்கொள்ள, அவள் வீட்டுப் பணிப்பெண்ணான அடக்கமுள்ள வசுந்தரா நாயகனின் மனைவியாகின்றாள்.

அகந்தை தீதுதானே என்பீர்கள். ஆம், தீதே, ஆணுக்கும் அப்படியே. ஆனால் இப்படங்கள் பெண்ணின் படிப்பையும் பதவியையும் வாய்திறந்து பேசுவதையும் அகந்தையோடு சேர்த்து ஒரே முடிச்சாகக் கட்டிவிட்டன. நாயகன் சீறினால் அது வீரம். நாயகி சீறினால் அது திமிர். இருளில் அமர்ந்து கைதட்டிய சிறுமி, தன்னையறியாமலே இந்தக் கணக்கைப் பாடமாக்கிக் கொண்டாள்.

திரையுலகிலேயே இதைக் கண்டுணர்ந்தவர்களும் இருந்தார்கள். ருத்ரையாவின் 'அவள் அப்படித்தான்' (1978) படத்தின் முடிவில், புதுமணப் பெண்ணொருத்தியிடம் பெண் விடுதலை பற்றிக் கேட்கின்றாள் மஞ்சு. தனக்கு அது பற்றித் தெரியாதென்கிறாள் அவள். தெரியாததனாற்தான் மகிழ்ச்சியாக இருக்கின்றாய் என்பதே மஞ்சுவின் மறுமொழி. அந்தக் கசப்பு இன்றும் எம்மைச் சுடவேண்டும்.

ஏனெனில், பேசாதிருப்பதே நல்ல பெண்ணுக்கு அழகென நம்பியவள், சீதனம் பேரம் பேசப்படும்போதும் பேசமாட்டாள். கணவன் கைநீட்டும்போதும் பேசமாட்டாள். தன் துன்பத்தையே தன் நற்பண்பென எண்ணிக் கொள்வாள். அவளை நல்லவளென்று நாமும் புகழ்வோம்.

பெற்றோரே, படம் பார்ப்பதைத் தடுக்கச் சொல்லவில்லை. தடுத்தாலும் கைத்தொலைபேசியில் அது வந்துவிடும். படம் முடிந்ததும் பிள்ளைகளோடு இருந்து பேசுங்கள். "அவள் கேட்டதில் நியாயம் இல்லையா? அதையே அவன் கேட்டிருந்தால் கைதட்டியிருப்போமா?" என்று மகளிடம் மட்டுமல்ல, மகனிடமும் கேளுங்கள். அடக்கம் அழகுதான், அச்சத்திற்கு அடக்கமென்று பெயர் சூட்டாதிருப்போம்.