தருமமா? கடமையா?



நகரசபை ஊழியர் ஒருவர் ஓர் ஏழையின் வீட்டு வாசலில் ஒரு போத்தல் கிருமிநாசினியை இலவசமாகக் கொடுத்துச் செல்கிறார் என வைத்துக்கொள்வோம். அது தருமமா? அல்லது நகரம் அவ்வீட்டாருக்குச் செய்யவேண்டிய கடமையா? அற்பமான கேள்வி போலத் தோன்றலாம். ஆயினும், அயலவனை நாம் எவ்வாறு மதிக்கிறோம் என்பது இதற்கு நாம் கூறும் விடையிலேயே வெளிப்பட்டுவிடும்.

இது வெறுங் கற்பனையன்று. இலண்டனின் கிழக்கே பொப்லார் என்னும் பகுதி உண்டு. துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அங்குள்ள நகரமன்றம் கிருமிநாசினியைத் தானே தயாரிக்கத் தொடங்கியது. மன்றத்தின் சுகாதார வைத்திய அதிகாரியான டாக்டர் அலெக்சாந்தர் இம்முயற்சியில் முன்னின்றார். உப்பும் மக்னீசியம் குளோரைட்டும் கரைத்த நீரில் மின்சாரத்தைச் செலுத்தியபோது, குளோரீனின் வலுவுள்ள கரைசல் கிடைத்தது. பிரான்சு நாட்டவரான எர்மீட் என்பவர் 1890களில் கடல்நீரைக் கொண்டு செய்துகாட்டிய முறையே இதற்கு முன்னோடி. அந்நாளில் பெரிதும் வழங்கிய காபோலிக் அமிலம் தோலைச் சுடும் நஞ்சு. மன்றத்தின் கரைசலோ வீட்டாரின் கையில் நம்பிக் கொடுக்கக்கூடியதாயிருந்தது. அது போத்தல்களில் மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது.

இங்கே ஒருவர் கேட்கக்கூடும்: "நான் என் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். சோலைவரியும் ஒழுங்காகக் கட்டுகிறேன். தன் வளவைப் பேணாதவனுக்கு என் பணத்தில் மருந்து எதற்கு?"

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை, கிருமிக்கு வேலி தெரியாது என்பதாகும். அடுத்த வீட்டு நோய் நாளை நம் வீட்டுக்கும் வரும். இது உண்மையே, ஆனால் போதாது. இது அச்சத்தில் பிறந்த விடை. இதன்படி ஏழை நமக்கு அயலவனல்லன், ஓர் ஆபத்து மட்டுமே. அச்சம் தீர்ந்ததும் போத்தலும் நின்றுவிடும்.

ஆழ்ந்து சிந்தித்தால் வேறொரு விடை தோன்றும். நகரத்தின் உணவைக் கப்பலிலிருந்து இறக்கியவன் அத்தொழிலாளியே. அவன் குடியிருந்த நெருக்கடியான வீடு அவன் விரும்பித் தேர்ந்ததன்று. அவன் கொடுத்த வாடகைக்குள் வீட்டுவரியும் அடங்கியிருந்தது. ஆகவே அவன் கையேந்தி நின்றவனல்லன், பொதுநிதியின் பங்காளி. தன் பங்கைப் பெறுபவன் தலைகுனிய வேண்டியதில்லை. கொடுப்பவனும் தன்னை வள்ளல் என எண்ணலாகாது.

இதே கேள்வி 1921இல் அதே பொப்லாரில் பெரிதாக எழுந்தது. ஒவ்வொரு பகுதியும் தன் ஏழைகளைத் தானே தாங்கவேண்டும் என்ற முறையினால், வறிய பகுதிகளிலேயே வரிச்சுமை மிகுந்தது. செல்வர் வாழ்ந்த பகுதிகளும் அதிற் பங்கேற்க வேண்டுமெனக் கோரி, மேல்மன்றங்களுக்குரிய வரியைச் செலுத்த மறுத்த 30 மன்ற உறுப்பினர்கள் சிறை சென்றனர். அவ்வாண்டிலேயே அச்சுமையை இலண்டன் முழுவதும் பகிரச் சட்டம் வந்தது. ஏழையின் நலம் ஏழையின் தெருவுக்கு மட்டும் உரிய பொறுப்பன்று என்பதை நாடு ஏற்க நேர்ந்தது.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. குளோரீன் கரைசலை அழுக்கு மிகுந்த இடத்தில் ஊற்றினால், அதன் வலு அவ்வழுக்கிலேயே செலவாகிவிடும். முதலிற் கழுவவேண்டும், பின்னரே ஊற்றவேண்டும். கழுவுவது வீட்டாரின் கடமை. கழுவிய நீர் ஓடுவதற்கு வடிகால் அமைப்பது நகரத்தின் கடமை. வடிகாலும் நல்ல வீடும் கொடாமல் போத்தலை மட்டும் கொடுக்கும் நகரம், கடனைத் தீர்க்கவில்லை; கடன்காரனின் வாயை அடைக்கிறது.

வெள்ளம் வடிந்தபின் நம் ஊர்க் கிணறுகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடுவதும் இதே குளோரீன்தான். அவர் வரும்போது உதவி கிடைத்ததென்று எண்ணுகிறோமா, உரிமை கிடைத்ததென்று எண்ணுகிறோமா? நம் கிணற்றுக்கு இட்டபின், அடுத்த ஒழுங்கையில் உள்ள கிணற்றுக்கும் இட்டார்களா என்று விசாரிக்கிறோமா?

அக்கரைசல் வைத்திருக்க வைத்திருக்க வலுவிழக்கும். புதிதாகத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். அயலவனுக்கு நாம் செய்யும் கடமையும் அத்தகையதே.