டைவர்ட் ஆயிடாதம்மா

பதினைந்து பதினாறு வயதில் மைதானத்தில் நின்ற பெண் யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தப்பித்திருக்க மாட்டார். நான் 400 மீட்டர் ஓடினேன். குறுவட்டம், வருவாய் மாவட்டம், ஒருமுறை மாநிலப் போட்டி வரைக்கும். விளையாட்டு விடுதி ஒன்றில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே ‘டைவர்ட்’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: பையன்.

எங்கள் அறையில் ஆறு பேர். ஒருத்தியின் அப்பா குடித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு வார்டன் போனுக்குக் கூப்பிட்டு அழுவார். இன்னொருத்தியின் அம்மா, மகளிர் குழுத் தவணை கட்ட இவளுடைய பரிசுப் பணத்தைக் கேட்பார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு இரண்டு பேரும் கிரவுண்டில் நிற்பார்கள், கண் சிவந்து. 62 விநாடியில் ஓடியவள் 65க்குப் போனாள். அதை யாரும் டைவர்ஷன் என்று சொல்லவில்லை. அதற்குப் பெயர் ‘வீட்டுக் கஷ்டம்’. அதைத் தாங்கிக்கொண்டு ஓடி ஜெயித்தால், “வெறியோட ஓடுறா பாரு” என்று பாராட்டு வேறு.

அப்பாவின் குடி மூன்று விநாடியைத் தின்றால் அது கஷ்டம். ஒரு பையனின் குறுஞ்செய்தி அரை விநாடியைத் தின்றால் அது துரோகம். இந்தக் கணக்குதான் எனக்குப் புரியவே இல்லை. கவலை அவளுடைய ஓட்டத்தைப் பற்றியது என்றால், இரண்டையும் ஒரே ஸ்டாப்வாட்ச்சில்தானே அளக்க வேண்டும்?

பயிற்சியாளர்களைக் குறை சொல்வது சுலபம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாற்பது பெண்களை நாற்பது வீட்டிலிருந்து, “என்னை நம்பி அனுப்புங்க” என்று பேசிக் கூட்டிவந்திருக்கிறார்கள். ஒருத்தியைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பினால் போதும், பத்து அப்பாக்கள் பையைக் கட்டச் சொல்லி வாசலில் வந்து நிற்பார்கள். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் ஊர் எல்லையையே தாண்டியிருக்க முடியாது. பெண்ணின் ‘ஒழுக்கம்’ என்கிற பிணையின் பேரில்தான் மைதானம் எங்களுக்குத் திறந்தது.

பிணையின் பேரில் கிடைத்ததை எந்த நேரத்திலும் திரும்பப் பிடுங்கலாம். விடுதியில் ஒரு தோழிக்கு அதுதான் நடந்தது. டிரிபிள் ஜம்ப் பையன் ஒருவனோடு அவள் பேசிக்கொண்டிருந்தது தெரிந்துபோனது. அவனுக்குத் திட்டும், கிரவுண்டைச் சுற்றி இருபது ரவுண்டும். அடுத்த மாதம் அவன் மாநிலப் போட்டிக்குப் போனான். அவளுடைய மாமா வந்து அவளை அழைத்துப் போனார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதவிட்டார்கள். மறுபடி ஓடவிடவில்லை. பிறகு எல்லோரும் சொன்னது: “லவ்வால கெட்டுப்போச்சு பாரு, நல்ல ஓட்டக்காரி.” அந்தக் காதல் எங்கள் ஆண்டுவிழா வரைக்கும்கூடத் தாங்கியிருக்காது என்பது அவளுக்கே தெரியும். அவளுடைய ஓட்டத்தை நிறுத்தியது அந்தக் காதலுக்குப் பெரியவர்கள் கொடுத்த தண்டனை.

தண்டனை கொடுத்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. ஊர்ப்பேச்சுக்குப் பயந்தவர்கள். அந்தப் பேச்சை யார் வாங்கிக்கொள்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மதுரை சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறுவயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தவர், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். நாம் அந்தக் கதையில் வறுமையைக் கொண்டாடுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது அவரை வளர்த்த பாட்டி ஆரம்மாள். கூலி வேலை செய்து பேத்தியை வளர்த்தவர். பெண்பிள்ளையை விளையாட அனுப்பலாமா என்று சுற்றியிருந்தவர்கள் கேட்டபோது, அந்தப் பேச்சைத் தன்மேல் வாங்கிக்கொண்டார். பேத்தியை நிறுத்தவில்லை.

பணம் புரளும் ஆட்டத்திலும் இதே கேள்வி வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஜெனிஃபர் காப்ரியாட்டி 1990இல், பதினான்கு வயது நிறைவதற்குள் தொழில்முறை டென்னிஸுக்கு வந்தார். பதினேழு வயதில் களைத்துப்போய் ஆட்டத்தை விட்டு விலகினார். அதற்குப் பிறகு, பதின்வயதுப் பெண்கள் வருடத்துக்கு எத்தனை போட்டி ஆடலாம் என்று வரம்பு வந்தது. அந்த விதி சிறுமியைப் பார்த்து ‘டைவர்ட் ஆகாதே’ என்று சொல்லவில்லை, சுற்றியிருந்த பெரியவர்களின் அவசரத்துக்குத்தான் கடிவாளம் போட்டது. காப்ரியாட்டி பின்னால் திரும்பி வந்து, 2001இல் ஆஸ்திரேலிய ஓபனையும் பிரெஞ்சு ஓபனையும் ஜெயித்தார். விலகியவருக்குக் கதவு திறந்தே இருந்ததால்தான் அது நடந்தது.

காதல் நேரத்தைத் தின்னாதா? தின்னும். தூக்கத்தைக் கெடுக்கும், சண்டை வந்த அன்று வார்ம்-அப்கூடச் சரியாக வராது. தசைப்பிடிப்பும் அப்படித்தான். தொடையில் பிடித்துக்கொண்டால் ஐஸ் வைப்பார்கள், இரண்டு வாரம் மெதுவாக ஓடச் சொல்வார்கள். பெட்டியைக் கட்டச் சொல்வதில்லை. மனசு பிடித்துக்கொண்டதற்கும் அதே பொறுமையைக் கேட்பது அதிகமா?

பதினாறு வயதில் ஒருத்தி வீட்டையும் ஓட்டத்தையும் மனசையும் சேர்த்துத் தூக்குகிறாள். எதைக் கீழே வைப்பது என்பதை அவளே கற்றுக்கொள்ளும்வரை அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பெரியவர். “அக்கா, எனக்கு ஒருத்தனைப் பிடிச்சிருக்கு” என்றோ, “சார், அப்பா நேத்தும் குடிச்சிட்டு வந்தார்” என்றோ அவரிடம் சொல்ல முடிய வேண்டும். சொன்ன மறுநாள் காலையிலும் அவளுடைய ஸ்பைக்ஸ் அவளிடமே இருக்க வேண்டும்.