தோற்றவரின் உரிமையும் வென்றவரின் கடமையும்

மக்களாட்சியில் வாக்குகளை எண்ணி முடிக்க ஓர் இரவு போதும். எண்ணி வந்த முடிவோடு ஒன்றாக வாழக் கற்றுக்கொள்வதற்குத்தான் ஆண்டுகள் பல தேவைப்படுகின்றன. பொதுத் தேர்தலில் தோற்றவர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. நான்கைந்து ஆண்டுகள் பொறுத்திருந்தால் மீண்டும் களம் காணலாம். இன்றைய எதிர்க்கட்சி நாளைய ஆளுங்கட்சியாகலாம். ஆனால், ஒரு நாடு தான் இணைந்திருக்கும் கூட்டமைப்பில் நீடிப்பதா, விலகுவதா என்று மக்களையே கேட்டு முடிவு செய்யும்போது அந்த ஆறுதல் இல்லை. அம்முடிவு ஒரு தலைமுறையின் வாழ்வையே வேறு திசையில் திருப்பிவிடும். ஆகவே, அத்தகைய வாக்கெடுப்பின் மறுநாள் மக்கள் காட்டும் மகிழ்ச்சியும் சினமும் பன்மடங்கு மிகுந்திருக்கின்றன. தோற்றவர் எதுவரை பேசலாம்? வென்றவர் எதைச் செய்யக் கடமைப்பட்டவர்? இவை அரசியல் வினாக்கள் மட்டுமல்ல. அறத்தைப் பற்றிய வினாக்களும் ஆகும்.

இவ்வினாக்களை ஆராய்வதற்குப் பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு நடைபெற்ற பொதுவாக்கெடுப்பு நல்ல சான்றாக அமைகிறது. 1973ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்தது. ஈராண்டுகள் கழித்து, 1975ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் நடைபெற்ற வாக்கெடுப்பில் 67 விழுக்காட்டினர் அதில் நீடிப்பதை ஆதரித்தனர். அச்சமூகம் காலப்போக்கில் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது. நாற்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 2016ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள், ஏறத்தாழ அதே வினா மீண்டும் மக்கள் முன் வைக்கப்பட்டது. விலக விரும்பியோர் 1 கோடியே 74 இலட்சம் பேர். நீடிக்க விரும்பியோர் 1 கோடியே 61 இலட்சம் பேர். விழுக்காட்டில் சொன்னால் 51.9க்கு 48.1.

மறுநாள் காலையில் பிரிட்டனில் இரண்டு நாடுகள் கண்விழித்தன எனலாம். ஒன்று, விடுதலை பெற்றதாக எண்ணி ஆர்ப்பரித்தது. மற்றொன்று, இழவு வீடு போல் துயருற்றது. பவுன் நாணயத்தின் மதிப்பு 1985ஆம் ஆண்டுக்குப் பின் காணாத அளவுக்குச் சரிந்தது. வாக்கெடுப்பை நடத்திய பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகப் போவதாக அன்று காலையே அறிவித்தார். ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினரும் நீடிக்கவே வாக்களித்திருந்தனர். இங்கிலாந்தும் வேல்சும் விலக வாக்களித்திருந்தன. ஒரே நாட்டின் நான்கு பகுதிகள் இரண்டாகப் பிரிந்து நின்றன.

தோற்றவர்களிடம் முதலில் எழுந்த உணர்ச்சி துயரம். அது இயற்கையானது, அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், துயரத்தின் பின்னாலேயே இகழ்ச்சியும் வந்தது. விலக வாக்களித்தவர்கள் படிப்பறிவற்றவர்கள், தம் நன்மை எதுவெனத் தாமே அறியாதவர்கள் என்று பலர் பேசினர், எழுதினர். சண்டர்லாந்து நகரம் அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டது. ஐரோப்பாவுக்குக் கார்களை ஏற்றுமதி செய்யும் நிசான் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. எனினும் அந்நகரில் 61 விழுக்காட்டினர் விலக வாக்களித்தனர். வேல்சின் எப்பு வேல் நகரை உள்ளடக்கிய வட்டாரத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியால் சாலைகளும் கல்விக்கூடமும் எழுந்தன. அங்கும் 62 விழுக்காட்டினர் விலகலையே வேண்டினர். 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர்கள்' என்பது போன்ற ஏளனம் இம்மக்கள் மீது விழுந்தது.

இந்த ஏளனம் அறத்துக்குப் பொருந்துமா? எப்பு வேலில் தலைமுறை தலைமுறையாக மக்களுக்குச் சோறிட்ட எஃகு ஆலை 2002ஆம் ஆண்டு மூடப்பட்டது. புதிய சாலை வந்தது உண்மை. அச்சாலை வழியே வேலைக்குப் போக ஆலை இல்லை என்பதும் உண்மை. கொடுத்த நிதிக்கு நன்றியாக வாக்கைக் கேட்பது, வாக்கை விலைபொருளாக்குவதே ஆகும். மேலும், மனிதன் வயிற்றுக்காக மட்டும் வாக்களிப்பதில்லை. தன்னை யார் ஆள்வது, தன் ஊர் எப்படி மாறுவது என்பவற்றில் தனக்கும் ஒரு சொல் வேண்டும் என்று ஏழையும் விரும்புகிறான். அவ்விருப்பம் நமக்கு உடன்பாடாக இல்லாமற் போகலாம். ஆனால், உடன்பாடின்மை வேறு, அறியாமை வேறு. பிறர் வேறொன்றை மதிப்பதை அவர் எதையும் அறியாததற்குச் சான்றாகக் கொள்வது, சிந்திக்கும் உழைப்பிலிருந்து நாம் தப்பிக்கும் வழியே அன்றி வேறில்லை.

அவ்வாறாயின், பரப்புரையில் சொல்லப்பட்ட பொய்களைக் கண்டிக்கக் கூடாதா? கட்டாயம் கண்டிக்க வேண்டும். பிரிட்டன் ஒன்றியத்துக்கு வாரந்தோறும் 35 கோடி பவுன் அனுப்புகிறது என்னும் வாசகத்தை விலகல் அணியினர் ஒரு பேருந்தின் மீது எழுதி நாடெங்கும் ஓட்டினர். அது மக்களைத் திசைதிருப்புவது என்று அந்நாட்டின் புள்ளிவிவர ஆணையம் வாக்கெடுப்புக்கு முன்னரே எடுத்துரைத்தது. மறுபக்கத்தில், விலக வாக்களித்தால் உடனே பொருளாதாரம் சுருங்கும் என்று நிதியமைச்சு அச்சுறுத்தியது. அவ்வாண்டு அப்படி நிகழவில்லை. பொய்யுரைத்தவனையும் மிகையுரைத்தவனையும் பெயர் சொல்லிக் கண்டிப்பது குடிமகனின் கடமை. ஆனால், அதை நம்பியவனை எள்ளி நகையாடுவது கடமையன்று. ஏமாற்றியவன் மேல் எழ வேண்டிய சினம் ஏமாந்தவன் மேல் பாயுமானால், ஏமாற்றியவனே அதனால் பயன்பெறுவான். ஏமாந்தவனோ தன்னை இகழாதவனிடமே மீண்டும் போய்ச் சேர்வான்.

இளைஞர்களின் சினம் தனியே நோக்கத்தக்கது. இளையோரில் பெரும்பாலோர் நீடிக்கவும் முதியோரில் பெரும்பாலோர் விலகவும் வாக்களித்ததாகக் கருத்துக்கணிப்புகள் காட்டின. 'எங்கள் எதிர்காலத்தை முதியவர்கள் பறித்துவிட்டார்கள்' என்னும் குரல் எழுந்தது. அதில் ஒரு நியாயம் உண்டு. ஒரு தவறும் உண்டு. ஸ்காட்லாந்தின் தனிநாட்டு வாக்கெடுப்பில் 2014ஆம் ஆண்டு வாக்களித்த 16, 17 வயதினருக்கு 2016இல் அவ்வுரிமை அளிக்கப்படவில்லை. முடிவின் விளைவை நெடுங்காலம் சுமக்கப் போகிறவர்களின் குரல் கேட்கப்படாதது குறையே. ஆனால், எஞ்சிய ஆயுளைக் கணக்கிட்டு வாக்குக்கு எடை போடத் தொடங்கினால், நோயாளியின் வாக்குக்கு என்ன எடை? ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் கொள்கை, மனிதரை மனிதராக மட்டுமே எண்ணுவதால்தான் உயர்ந்து நிற்கிறது. முதியவரின் வாக்கைக் குறைக்க நமக்கு உரிமையில்லை. தாம் காணப்போகாத காலத்தையும் எண்ணி வாக்களிக்குமாறு அவரை வேண்ட மட்டுமே உரிமையுண்டு.

இனி வென்றவர் பக்கம் வருவோம். 'மக்கள் தீர்ப்பளித்துவிட்டனர், இனிப் பேச்சில்லை' என்பது அவர்களுள் பலர் எடுத்த நிலை. யார் அந்த மக்கள்? வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 4 கோடியே 65 இலட்சம் பேர். அவருள் 1 கோடியே 29 இலட்சம் பேர் வாக்களிக்க வரவில்லை. வந்தவருள்ளும் ஏறத்தாழப் பாதிப்பேர் மாறுபட்டே நின்றனர். பெரும்பான்மை என்பது முடிவெடுக்க நாம் ஏற்றுக்கொண்ட ஒரு முறை. சிறுபான்மையை நாட்டு மக்கள் தொகையிலிருந்தே கழித்துவிடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஒன்றியத்துக்கு விலகல் அறிவிப்பைக் கொடுக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாள் ஒரு நாளிதழ், அத்தீர்ப்பை வழங்கிய நீதிபதிகள் மூவரையும் மக்களின் பகைவர்கள் என்று முதற்பக்கத்தில் வருணித்தது. சட்டத்தைச் சொன்னவர் பகைவராகிவிட்டால், பின்பு பெரும்பான்மையைக் காக்கவும் சட்டம் எழுந்து வராது.

இதனினும் கொடியது, வாக்கே இல்லாதவர் பட்ட துன்பம். பிரிட்டனில் குடியேறி உழைத்து வந்த ஐரோப்பியர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர். அவருள் அயர்லாந்து, மால்ட்டா, சைப்பிரசு நாட்டவர் நீங்கலாக எவர்க்கும் இவ்வாக்கெடுப்பில் இடமில்லை. ஆனால், காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்கே முறையாகக் குடியிருந்தால் வாக்களிக்கலாம். நம் மலேசியரும் சிங்கப்பூரரும் அவருள் அடங்குவர். கோலாலம்பூரிலிருந்து படிக்கச் சென்ற மாணவர் வாக்களிக்கலாம். இருபது ஆண்டுகளாக அங்கே வேலை செய்து வரி கட்டிய போலந்துக்காரர் வாக்களிக்கலாகாது. சட்டம் வகுத்த வரம்பு அது. அவ்வரம்புக்கு வெளியே நின்றவர்களே முடிவின் முதல் அடியை வாங்கினர். 2016 சூலைத் திங்களில் இன, சமய வெறுப்பால் நிகழ்ந்த குற்றங்கள், முந்தைய ஆண்டின் அதே திங்களைவிட 41 விழுக்காடு கூடுதலாகப் பதிவாயின. விலக வாக்களித்த கோடிக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலோர் எவரையும் துன்புறுத்தாதவர்கள். அவர்களை வெறியர் என்பது பழி. ஆனால், வெறியன் ஒருவன் தம் வெற்றியைத் தன் உரிமச் சீட்டாகக் காட்டும்போது, 'இது எங்கள் பெயரால் ஆகாது' என்று முதலில் எழுந்து சொல்ல வேண்டியவர் வென்றவரே. தோற்றவர் சொல்லும்போது அது முறையீடாகிறது. வென்றவர் சொல்லும்போதுதான் அது காவலாகிறது.

இரு தரப்பையும் அளந்து பார்க்க ஒரே அளவுகோல் உண்டா? உண்டு. வாக்கெடுப்புக்குப் பின், நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு மனுவில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். வாக்களித்தோர் 75 விழுக்காட்டுக்குக் குறைந்து, வென்ற தரப்பும் 60 விழுக்காட்டை எட்டாவிட்டால் மீண்டும் வாக்கெடுப்பு வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஒப்பமிட்டோர் பெரும்பாலும் நீடிக்க விரும்பியோர். ஆனால், அம்மனுவை முதலில் தொடங்கியவரோ விலகலை ஆதரித்தவர்! தம் தரப்பு தோற்கும் என எண்ணி மே மாதத்திலேயே அதைத் தொடங்கினார், வென்றதும் கைகழுவினார். விலகல் இயக்கத்தின் முன்னணித் தலைவர் நைஜல் ஃபராஜும் அதே மே மாதத்தில், நீடிப்போர் 52க்கு 48 என வென்றால் காரியம் முடிந்ததாகாது என்னும் பொருள்படக் கூறியிருந்தார். விழுக்காடு ஏறத்தாழ அப்படியே வந்தது. வென்ற தரப்புதான் மாறியது. உடனே இரு தரப்பாரும் தத்தம் நீதியை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொண்டனர்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்ததன் தேவை இங்கே விளங்கும். 'முடிவு மறுதலையாக வந்திருந்தால் இதே சொல்லை நான் சொல்வேனா?' என்னும் கேள்வியே நடுவுநிலைமையின் உரைகல். அக்கேள்விக்கு ஆம் என்று விடை சொல்ல முடிந்தால் நம் சினம் அறச்சினம். முடியாவிட்டால் அது வெறும் தோல்விச் சினம்.

அந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், தோற்றவர்க்கு ஓர் உரிமை கட்டாயம் எஞ்சுகிறது. 1975இல் தோற்றவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. எட்டே ஆண்டுகளில், 1983ஆம் ஆண்டுத் தேர்தலில், தொழிற்கட்சி விலகலைத் தன் வாக்குறுதியாகவே முன்வைத்தது. அவர்களுக்கு இருந்த உரிமை 2016இல் தோற்றவர்க்கு இல்லாமற் போகாது. முடிவை மாற்ற மீண்டும் மக்களிடம் சென்று வாதிடுவது உரிமை; முடிவே எடுக்கப்படாதது போல் நடப்பது உரிமையன்று. வென்றவர்க்கும் ஒரு கடமை இருந்தது. வாக்குச்சீட்டு நீடிப்பதா, விலகுவதா என்று மட்டுமே கேட்டது. எப்படி விலகுவது என்று கேட்கவில்லை. கேட்கப்படாத வினாவுக்கும் மக்கள் விடையளித்துவிட்டதாகச் சாதிப்பது நேர்மையன்று. அந்த இடைவெளியை நிரப்பும் போராட்டத்திலேயே மூன்றரை ஆண்டுகள் கழிந்தன. இடையில் 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், விலகலையே கைவிடக் கோரிய மற்றொரு மனுவில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். இறுதியில் 2020ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் பிரிட்டன் வெளியேறியது.

வினாவின் வடிவம் விடையை ஆளும் என்பது நம் வட்டாரத்தார்க்குப் புதிதன்று. மலேசியாவுடன் இணைவது பற்றிச் சிங்கப்பூரில் 1962ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நடைபெற்ற வாக்கெடுப்பில், இணைப்பின் மூன்று வகைகள் தரப்பட்டன. இணைப்பே வேண்டா என்பதற்கு இடமில்லை. ஏறத்தாழக் கால்பகுதியினர் வெற்றுச் சீட்டைப் போட்டனர். 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் பிரிவு நேர்ந்தபோதோ மக்களிடம் வாக்கே கேட்கப்படவில்லை. ஆயினும், பிரிவுக்குப் பின் பாலத்தின் இருபுறத்தாரும் உறவையும் வணிகத்தையும் தொடர்ந்தே வாழ்ந்து வருகின்றனர். கூட்டமைப்புகள் கலையலாம், அண்டை வீட்டார் அண்டை வீட்டாராகவே இருப்பர்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. நம் பள்ளிகளில் சொற்போர் நடத்துகிறோம். எந்த அணி எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால், தான் நம்பாத பக்கத்துக்காகவும் மாணவன் ஒரு முறை உழைக்க நேரிடும். எதிரணியின் நியாயத்தை எதிரணியே ஒப்பும் வண்ணம் எடுத்துரைக்கப் பழகியவன், நாளை வாக்குச்சாவடியில் தோற்றாலும் பிறரை மூடர் என்னான். வென்றாலும் பிறரைப் பகைவர் என்னான். வாக்குச்சீட்டு ஒரு நாளின் முடிவைத் தருகிறது. மறுநாள் ஒரே தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நடக்கும் பண்பை அதனால் தர இயலாது. அதனை நாம்தான் கற்பிக்க வேண்டும்.