படைக்கலமும் மிகுபொருள் விரும்பாமையும்

திருவட்டாறுக்கு அருகே சிதறால் மலைப்பாறையில் வீற்றிருக்கும் தீர்த்தங்கரர் எவர் கையிலும் ஆயுதம் இல்லை. அவர்கள் முற்றும் துறந்தவர்கள். இல்லறத்தார்க்கோ, தற்காப்பில் நேரும் விரோதி ஹிம்சையை நம் சமயம் முற்றிலும் விலக்கவில்லை. அவ்வாறாயின், ஓர் இல்லத்தில் எத்தனை துப்பாக்கி இருக்கலாம்?

நம் நாட்டு மன்றங்களும் இவ்வினாவை எதிர்கொண்டன. அன்னிய ஆட்சியின் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த காலத்தில், 1931-இல் கராச்சி காங்கிரஸ் ஆயுதம் தாங்கும் உரிமையைக் கோரியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதனை அடிப்படை உரிமையாக்க விழைந்தார், அம்பேத்கர் உடன்படவில்லை, அத்திருத்தம் ஏற்கப்படவில்லை.

2019-இல், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்கும் மசோதா மக்களவைக்கு வந்தது. பரம்பரை உடைமை, தற்காப்பு என்னும் வாதங்கள் எழவே, ஒன்று இரண்டாயிற்று. டிசம்பர் 9, 10 தேதிகளில் ஈரவைகளும் அதனை நிறைவேற்றின. மிகுதியானதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சட்டம் பணித்தது.

இதனைப் பேரம் என இகழ்தல் வேண்டா. பலர் கூடி வாழும் நாட்டில் சட்டம் இவ்வாறே உருவாகும். ஆனால் அதே வாதம் நம் உள்ளத்திலும் நிகழ்கிறதன்றோ? மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை ஏற்கும் வேளையிலேயே, "இன்னும் ஒன்று இருக்கட்டும்" என்கிறது மனம். சட்டம் எத்தனை வரை தகும் என்று கூறி நிற்கும்; விரதமோ, எது உண்மையில் தேவை என்று வினவும். கொலைக்கருவியைப் பிறர்க்கு வழங்குவதையும் அநர்த்த தண்டம் என்றே அது விலக்கும்.

மூதாதையர் பெருமை போற்றத்தக்கதே. பெருமையை இல்லத்தில் வைத்துக்கொண்டு, கருவியை ஒப்படைத்தலாகாதா?