பந்தயமும் பயணமும்

முந்துவது ஒன்றுதான் வாழ்வா? இக்கேள்வியை நடுக்கடலில் எதிர்கொண்டவர் பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெசியே.

தனியொருவராய், எங்கும் தங்காமல் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவரும் பந்தயம் 1968-இல் நடந்தது. கலந்து கொண்ட 9 பேரில் அதை முடித்தவர் ஒருவரே. இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட முவாத்தெசியே, ஹார்ன் முனையைக் கடந்தார். விரைவுக்கான 5,000 பவுன் பரிசு அவருக்கே கிடைக்கலாமெனப் பலரும் எதிர்பார்த்திருக்க, 1969 மார்ச்சில் பந்தயத்தைக் கைவிட்டார். ஊர் திரும்பாமல் தாஹித்தித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 44.

பரிசை உதறிய நெஞ்சுரம் போற்றத்தக்கதே. ஆயினும், கரையில் காத்திருந்த மனைவியின் உரிமை என்னாயிற்று? போட்டியைத் துறப்பது வேறு. பொறுப்பைத் துறப்பது வேறு.

நம்மிலும் பலர் இளமை முழுவதும் கடை, காசு என்று ஓடியவர்களே. வயது ஏறியபின் பாயைத் தளர்த்தி நிதானமாகச் செல்வது சோம்பலன்று. எதற்காக ஓடினோம் என்று எண்ணிப் பார்க்க அதுவே தருணம். பொருள் பெருக்கும் போட்டியில் மூழ்கிக் கிடப்பதைத் திருமறை கண்டிக்கிறது. நன்மையில் முந்துமாறு ஏவுகிறது. அந்தப் பந்தயத்துக்கு வயது வரம்பில்லை.

ஆகவே அன்பர்களே, ஓட்டத்தைக் குறைத்து மிச்சமாகும் நேரத்தைத் தொழுகைக்கும், குடும்பத்துக்கும், அண்டை வீட்டாருக்கும் கொடுப்போமாக. வல்ல நாயன் அருள் புரிவானாக, ஆமீன்.