வீதிக்கு விலை வைப்பது தர்மமா?

வளர்ந்துவரும் நகரமொன்றில், எல்லோருக்கும் பொதுவாகிய வீதியை நெருக்கடியான வேளையில் பணம் செலுத்துகிறவர்களுக்கு மட்டும் திறந்துவிடுவது தர்மமாகுமா என்ற கேள்வி, சிங்கப்பூர் அரசாங்கம் 1975ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காலை வேளையில் நகரின் மத்திய பாகத்துக்குள் நுழையும் மோட்டார் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்டணம் விதித்தபோது முதன்முதலாக நடைமுறையில் எழுந்தது. கட்டணச் சீட்டைக் காரின் முன்கண்ணாடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லையில் நின்ற காவலர்கள் வண்டியை நிறுத்தாமலே கவனித்து, சீட்டில்லாத வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். உள்ளே புகும் வண்டிகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் 9.30 மணிக்குக் கட்டண நேரம் முடியும்வரை காத்திருந்தவர்கள் சாரிசாரியாக உள்ளே புகவே, அந்த நேரத்தை 10.15 வரை நீட்டிக்க நேர்ந்தது.

செல்வந்தருக்கு 3 வெள்ளி ஒரு பொருட்டாகாது, அற்ப வருமானக்காரருக்கோ அது பெருஞ்சுமை என்னும் ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும், கட்டணமில்லாத வீதிக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒற்றை மனிதர் ஏறிய கார் அடைத்துக்கொள்ளும் இடத்துக்காக, அதன் பின்னே ஊர்ந்துவரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும் அத்தனை பேரும் தங்கள் காலத்தையும், சிலர் அன்றைய கூலியில் ஒரு பங்கையும் இழக்கிறார்கள். இதற்கு அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்டதில்லை.

அத்திட்டத்தில் மிகவும் சிலாக்கியமான அம்சம், ஓட்டுநர் உட்பட நால்வர் ஏறிய காருக்குக் கட்டணம் கிடையாது என்ற விதி. அதனால் காரோட்டிகள் பஸ் நிறுத்தங்களில் காத்து நின்றவர்களை, முன்பின் அறிமுகம் இல்லாவிட்டாலும், ஏற்றிக்கொண்டார்கள். பொதுச்சொத்தை அதிகமாக அனுபவிக்கிறவர் தம் வண்டியில் பிறருக்கு இடங்கொடுத்தே அந்தக் கடனைத் தீர்க்க அது வழிசெய்தது. பஸ் பிரயாணிகளையே கார்கள் கொண்டுபோகின்றன என்ற குறை எழ, 1989இல் அச்சலுகை நீக்கப்பட்டது. நிர்வாகத்துக்கு அது சௌகரியமாயிருந்திருக்கலாம். தர்மத்துக்கு அது நஷ்டமே.

லண்டன் மாநகரம் 2003இல் 5 பவுன் கட்டணம் விதித்தபோது, செலவு போக மிஞ்சும் வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டுமென்று சட்டம் கட்டாயப்படுத்தியது. கட்டணத்தின் நியாயம் அங்கேதான் நிலைபெறுகிறது. காரை விட்டிறங்கச் சொல்லுமுன், இறங்கியவர் ஏறிச்செல்லப் போதிய பஸ்ஸும், கால் வைத்து நடக்க நடைபாதையும் இருக்க வேண்டும். அவ்விரண்டையும் அமைத்துத் தராத நகராட்சிக்கு வீதியில் கட்டணம் வசூலிக்க யாதொரு பாத்தியதையும் இல்லை.