கேளாத ஒலி

சில ஆண்டுகளுக்கு முன் பங்கு இளையோரோடு ஒகேனக்கல் சென்றிருந்தோம். அருவியை நெருங்கியபோது பரிசல் ஓட்டிய முதியவர் நம்மிடம் ஏதோ சொன்னார். காவிரியின் பேரிரைச்சலில் ஒரு சொல்லும் செவியில் விழவில்லை. ஆயினும் தலையசைத்தோம், மாலையில் ஊர் திரும்பினோம்.

மறு ஆண்டு அங்கே சென்றபோது வேறொரு பரிசல்காரர் வழியே உண்மை தெரிந்தது. நோயுற்ற தம் மனைவியைக் கண்டு மன்றாட வருமாறு அப்பெரியவர் அழைத்திருக்கிறார். நம் தலையசைப்பை நம்பி இருட்டும்வரை கரையில் காத்திருந்திருக்கிறார். அவ்வம்மையார் இறந்து மாதங்கள் பல ஆகியிருந்தன. 'காதில் விழவில்லை' என்றோம். அது மெய்தான். ஆனால் அவ்விடை போதுமா?

செவியில் விழாத ஒலிகள் நம்மை எந்நேரமும் சூழ்ந்துள்ளன. மின்னல் வெட்டும்போது ஒளியும் இடியும் மட்டுமன்றி, மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலைகளும் பிறக்கின்றன. அவற்றுள் சில, புவியின் காந்தப் புலக்கோடுகளைப் பற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உயரம் ஏறி, மறு அரைக்கோளத்தில் இறங்குகின்றன. வழியில் உயர் அதிர்வெண் முந்தும். தாழ் அதிர்வெண் பிந்தும். ஆதலால், தக்க கருவியின் வழியே கேட்போர்க்கு அது மெல்லத் தாழ்ந்து செல்லும் சீழ்க்கையாக ஒலிக்கிறது. வினாடிக்குச் சில ஆயிரம் என்னும் அதன் அதிர்வெண் நம் செவியின் எல்லைக்குள்ளேயே அடங்கும். எனினும் அது காற்றின் அதிர்வன்று, மின்காந்த அலை. ஆகவே செவிப்பறை அசைவதில்லை.

முதல் உலகப் போரில் பகைவரின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டவர்களுக்கு இச்சீழ்க்கை கேட்டது. அவர்கள் தேடியது பகைவரின் சொல்லை. ஆதலின் சீழ்க்கை வெறும் இடையூறாயிற்று. ஜெர்மானிய அறிஞர் பார்க்ஹவுசன் 1919-இல் அதைப்பற்றி எழுதினார். 1953-இல் ஸ்டோரி என்பார் அது கடந்து வந்த வழியை விளக்கி, புவிக்கு வெகு உயரத்திலும் எலக்ட்ரான்கள் நிறைந்திருப்பதை அதனின்றே உணர்ந்தார். நம் நாட்டில் காசி இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குல்மார்க்கிலும் நைனிடாலிலும் அதைப் பதிவு செய்துள்ளனர். புவியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒகேனக்கலில் காந்தக் கோடுகள் உயர எழுவதில்லை. அங்கே அச்சீழ்க்கை அரிது.

இடையூறு என்று தள்ளப்பட்டதே செய்தியாயிற்று. அன்று நாம் நாடியது அருவியின் அழகை. முதியவரின் குரலோ நமக்கு இரைச்சலின் ஒரு பகுதியாயிற்று.

செவிக்கு எட்டாமை குற்றமன்று. எட்டாததை எட்டியதுபோல் தலையசைத்ததே குற்றம். விண்ணின் சீழ்க்கையைக் கேட்கக் கருவி வேண்டும். மின்கம்பிகளின் முரலொலியினின்று விலகித் தொலைவு செல்லவும் வேண்டும். அம்முதியவரைக் கேட்க அத்துணை வேண்டியதில்லை. கரையேறியபின், இரைச்சல் தணிந்த இடத்தில் நின்று, "பெரியவரே, என்ன சொன்னீர்கள்?" என்று ஒரு முறை வினவியிருந்தால் போதும்.